நன்றி சொல்லும் தலைவர்

அந்த மென்பொருள் தோழமைக்காரர்களிடம் லஸ்மினி கேட்டது ஒரே ஒரு வரி நிரல். பாலம் கட்டித் தாருங்கள், மதகு போட்டுத் தாருங்கள் என்றா கேட்டாள்? ஏற்கெனவே இருக்கிற ஒரு வரியை எடுத்துவிட்டு, அவளே எழுதி, அவளே சோதித்துக் கையில் கொடுத்த இன்னொரு வரியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். அதுவும் சும்மா, காசு பணம் எதுவும் வேண்டாமல். அதற்கு அவள் பட்ட பாட்டைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும், நடந்தது நடந்ததுதான்.

வடக்கு ஜாவாக் கடற்கரையில் கெபோன்ராவா என்று ஒரு தாழ்ந்த பகுதி. பெயரிலேயே சதுப்பு இருக்கிறது. மழை வலுத்தால் வாய்க்காலும் கடலும் கை கோத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடும். அங்கே குடியிருப்பவர்களுக்கு அது பழகிப்போனது. முன்கூட்டிச் சொல்லிவிட்டால் போதும், மோட்டார் சைக்கிளை மேசைமேல் ஏற்றுவார்கள், மாவு மூட்டையைப் பரணில் போடுவார்கள், மாடியில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அப்படி முன்கூட்டிச் சொல்வதுதான் லஸ்மினியின் வேலை. வெள்ளக் கண்காணிப்பு அலுவலகத்தில் தரவுப் பிரிவு. பிரிவு என்றால் அவள் ஒருத்திதான்.

ஊரெங்கும் மழைமானிகள் வைத்திருக்கிறார்கள். மணிக்கு ஒரு தடவை ஒவ்வொன்றும் ஓர் எண்ணை அனுப்பும். லும்புங் என்ற மென்பொருள் அந்த எண்களை அட்டவணையாக்கி, சராசரி போட்டு, வரைபடத்துக்கு நிறம் பூசும். பச்சை என்றால் பயமில்லை. சிவப்பு என்றால் சைரன் தானாக அலறும். லும்புங் என்றால் நெற்குதிர். அந்த நாட்டில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மீன்துறை என்று எண்ணிப் பார்க்க வேண்டிய இடத்திலெல்லாம் அதுதான் ஓடுகிறது. அது திறந்த மென்பொருள். யாரும் உள்ளே எட்டிப் பார்க்கலாம், யாரும் திருத்தலாம் என்பது அதன் பெருமை.

போன மழைக்காலத்தில் வெள்ளம் வந்த அன்று கெபோன்ராவாவின் மழைமானிகள்தான் முதலில் முழுகின. முழுகிய மானி எண் அனுப்பாது. எண் வராத இடத்தில் லும்புங் தன் பாட்டுக்குப் பூச்சியம் என்று போட்டுக்கொண்டது. பூச்சியம் என்றால் மழையே இல்லை என்று அர்த்தம். ஆக, தண்ணீர் ஏற ஏற, வரைபடத்தில் கெபோன்ராவா வறண்டுகொண்டே போனது. சைரன் வாயைத் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு இபு தர்மி, அதாவது தர்மி அம்மா, வாசலில் தெம்பே என்ற புளித்த சோயாக் கட்டியில் பஜ்ஜி போட்டு விற்பவள். அன்று மாலை அவள் கேட்டபோது, பச்சையாகத்தான் இருக்கிறது, நிம்மதியாகத் தூங்குங்கள் என்று சொன்னவள் லஸ்மினி. விடிந்தபோது தர்மியின் குளிர்பெட்டி கூடத்தில் மிதந்துகொண்டிருந்தது.

இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு தர்மி சொன்னாள்: “ஏம்மா, உன் கம்ப்யூட்டர்ல எங்க வீடு காய்ஞ்சு கெடக்குன்னியே. அந்தக் கம்ப்யூட்டரக் கொண்டா. அதுக்குள்ளயே குடி போயிடறேன்.”

லஸ்மினிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடுத்த மழைக்குள் இதைச் சரி பண்ணிவிடுகிறேன் என்று அந்தத் தண்ணீரிலேயே நின்று வாக்குக் கொடுத்தாள். தர்மியோ, இனி சைரன் அடித்தாலும் நம்ப மாட்டேன், அடிக்காவிட்டாலும் நம்ப மாட்டேன் என்று தெருவுக்கே சொல்லி வைத்தாள்.

தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க லஸ்மினிக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஒரே வரி. எண் இல்லாத இடத்தில் பூச்சியம் போடாதே, ‘தெரியவில்லை’ என்று போடு, சராசரியில் சேர்க்காதே. அவ்வளவுதான். எழுதிக்கொண்டு போய் மேலதிகாரி பாக் சாபரிடம் காட்டினாள். பாக் என்றால் ஐயா, சாபர் என்றால் பொறுமை; அவர் பெயருக்கேற்ற பொறுமைசாலி. எந்த அவசரத்தையும் அவசரப்படாமல் பார்ப்பவர். லும்புங்கின் அதிகாரபூர்வப் பதிப்பைத் தவிர வேறெதையும் அலுவலகக் கணினியில் ஏற்றக் கூடாது என்று மேலிடத்து விதி இருப்பதை நினைவுபடுத்தினார்.

“நாம கையால திருத்தினா நம்ம பொறுப்பு. அவங்க திருத்தி அனுப்பினா யாரு பொறுப்பும் இல்ல. அதாம்மா பாதுகாப்பு.”

அதனால் லஸ்மினி, அந்த மென்பொருளை எழுதிப் பராமரிக்கும் லும்புங் தோழமையின் வாசலுக்குப் போனாள். இணையத்தில்தான் வாசல். ‘இங்கே எல்லாரும் ஒரே குடும்பம். உங்கள் சிறு துளியும் எங்களுக்குப் பெருங்கடல்’ என்று பெரிதாக எழுதியிருந்தது. பரவாயில்லையே என்று நினைத்தாள். திருத்தத்தைப் போட்டாள். கையை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

‘உங்கள் மதிப்புமிக்க பங்களிப்புக்கு நன்றி!’

அவளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துபோனது. எவ்வளவு மரியாதையான மனுஷர், எவ்வளவு சுறுசுறுப்பு என்று வியந்தாள். அனுப்பியவர் பெயர் சி ராஜின் என்றிருந்தது. சுறுசுறுப்பானவன் என்று பொருள். அவர் மனுஷரே இல்லை, தோழமை வைத்திருக்கிற தானியங்கி நிரல் என்பதை வரவேற்புக் குழுவின் ரெங்கானிஸ் அப்புறம்தான் சொன்னாள். யார் திருத்தம் போட்டாலும் நன்றி சொல்வதும், எதிலாவது இரண்டு வாரம் யாரும் வாய் திறக்காவிட்டால் ‘இது உறங்கிவிட்டது’ என்று இழுத்து மூடுவதும் சி ராஜினுக்கு வேலை. வேறு ஒன்றும் தெரியாது.

“அப்ப நிஜமான நன்றி யாரு சொல்லணும்?” என்று கேட்டாள் லஸ்மினி.

“பாக் வாஸ்கிதோ சொல்லணும் அக்கா. அவர்தான் தோழமைய ஆரம்பிச்சவர், தலைவர். ஆனா ‘அனுமதி’ன்னு ஒரு வார்த்தை அவர் வாயில வராது. அது அதிகாரம் இல்லையா? இங்க அதிகாரமே கிடையாது. அதனால ‘நன்றி’ன்னு மட்டும் எழுதுவார். தலைவர் நன்றின்னு எழுதின உடனே திருத்தம் தானா உள்ள போயிடும். அப்படித்தான் இயந்திரத்தையே அமைச்சிருக்கோம்.”

“அவர் எப்ப எழுதுவார்?”

“எல்லாரும் ஒருமனதா ஆனதும்.”

ஒருமனதாவது என்றால் என்னவென்று அதற்கப்புறம் லஸ்மினி தெரிந்துகொண்டாள். ஆயிரம் வரித் திருத்தம் வந்தால் அந்தத் தோழமையில் ஒருவரும் அதைப் படிக்க மாட்டார்கள். அருமை என்று கட்டை விரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு வரி என்றால் எல்லாருக்கும் புரியுமே! புரிந்துவிட்டால் கருத்துச் சொல்லாமல் எப்படி இருப்பது? ஆளாளுக்கு வந்தார்கள். ‘தெரியவில்லை’ என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்வது நம் பண்பாட்டுக்கு அடுக்குமா என்று ஒருவர். கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டால்கூட நாம் இல்லை என்றா சொல்கிறோம், இன்னும் இல்லை என்றுதானே சொல்கிறோம், அதனால் ‘இன்னும் தெரியவில்லை’ என்று போடலாமே என்று இன்னொருவர். எழுத்துக்கு முன்னால் ஒரு கோடு போட்டால் பார்க்க லட்சணமாக இருக்கும் என்றார் மூன்றாமவர். அதற்கு எழுபது பேர் இதயம் போட்டார்கள்.

பாண்டுங்கிலிருந்து பாக் டெடென் என்ற கல்லூரி விரிவுரையாளர் வந்தபிறகு நிலைமை இன்னும் மோசமானது. அவர் கல்லூரியில் தேர்வுக்கு வராத மாணவனின் மதிப்பெண்ணை வெறுமையாக விடுவார்களாம். லும்புங் அதைப் பூச்சியமாக்கி, பையனை ஃபெயிலாக்கிவிடுமாம். ஆசிரியர்கள் கையைக்கூட அழுக்காக்கிக்கொள்ள வேண்டியதில்லையாம்.

“இத்தனை வருஷமா நிம்மதியா இருக்கோம்” என்று எழுதினார் டெடென். “நீங்க தப்புன்னு சொல்றத நம்பித்தான் எங்க கல்லூரியே ஓடுது. அதப் போய் சரி பண்றேங்கறீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா?”

காய்ச்சலில் படுத்திருந்தவனும் பேப்பரில் ஒன்றும் எழுதாதவனும் ஒன்றா என்று லஸ்மினி கேட்டாள். வராதவன் பூச்சியம்தான் என்றார் டெடென். வாஸ்கிதோ வந்தார். ‘அனைவருக்கும் இனிய காலை வணக்கம்! எவ்வளவு ஆரோக்கியமான உரையாடல்!’ என்று எழுதிவிட்டுப் போனார். அவர் தினமும் காலையில் பேச்சு சூடாக நடக்கிற எல்லா உரையாடலிலும் போய் இப்படி ஒரு வணக்கம் போட்டுவிட்டு வருவார். நன்றி மட்டும் போடவில்லை.

பிறகு எல்லாரும் களைத்துப்போய் அமைதியானார்கள். அதற்கென்றே காத்திருந்தவர் மாதிரி சி ராஜின் வந்தார். ‘இது உறங்கிக்கொண்டிருக்கிறது போல் தெரிகிறது. மூடிவிடட்டுமா?’ லஸ்மினி பதறிப்போய், உறங்கவில்லை, உறங்கவில்லை என்று எழுதினாள். அதிலிருந்து மாதத்துக்கு இரண்டு தடவையாவது எதையாவது எழுதி அந்தத் திருத்தத்தின் உயிரைப் பிடித்து வைத்திருப்பது அவள் கடமையாகிவிட்டது. எழுத என்ன இருக்கிறது? ஊர் விசேஷத்தை எழுதினாள். இன்று வெயில். வாய்க்கால் வற்றிக் கிடக்கிறது. இபு தர்மி தவணையில் புதுக் குளிர்பெட்டி வாங்கியிருக்கிறாள், செங்கல் வைத்து உயர்த்தி நிறுத்தியிருக்கிறாள், என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மழை இன்னும் வரவில்லை, ஆனால் வரும்.

தோழமைக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. கெபோன்ராவாவில் இன்று என்ன என்று கேட்க ஆள் சேர்ந்தது. குளிர்பெட்டிக்கு என்ன நிறம் என்று ஒரு வாக்கெடுப்பே நடந்தது. ‘இம்மாதத்தின் உயிர்த்துடிப்பான தோழி’ என்று லஸ்மினிக்குப் பட்டம் கொடுத்து, மடிக்கணினியில் ஒட்டிக்கொள்ள ஸ்டிக்கர் அனுப்பினார்கள். நெற்குதிர் படம், கீழே ‘நானும் மாற்றத்தைக் கொண்டுவந்தேன்’ என்ற வாசகம். மாற்றம் எங்கே என்று அவள் கேட்டாள். அதற்கும் இதயம் போட்டார்கள்.

அக்டோபர் வந்தது. மேகம் கருக்கத் தொடங்கியது. யோக்யாவில் தோழமையின் வருடாந்தரக் கூட்டம், நேரில் வந்து பேசினால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் என்று ரெங்கானிஸ் அழைத்தாள். லஸ்மினி லீவு போட்டுவிட்டு ரயிலேறினாள். தெருவில் விஷயம் பரவியிருந்தது போல. கிளம்பும்போது தர்மி ஒரு பொட்டலம் தெம்பே பஜ்ஜியைக் கையில் திணித்தாள். முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள்.

எல்லாரும் பாத்திக் சட்டையில் பளபளவென்று வந்திருந்தார்கள். தலைக்கு ஒரு தின்பண்டப் பெட்டி. முதலில் பிரார்த்தனை. பிறகு வரவேற்புரை, வரவேற்புரையை வரவேற்று ஓர் உரை, இடம் கொடுத்தவர் உரை, பணம் கொடுத்தவர் உரை. குழுப் புகைப்படம் ஒன்று. கண்ணை மூடிவிட்டவர்களுக்காக இன்னொன்று. அப்புறம் புதுச் சின்னம் பற்றிய விவாதம். நெற்குதிரின் கூரை வளைவாக இருக்க வேண்டுமா, கூராக இருக்க வேண்டுமா என்று மதியம் வரை பேசினார்கள். வளைவான கூரையில் வெளிப்படைத்தன்மை இருக்கிறது என்றார் ஒருவர். கூரான கூரையில் மழைநீர் நிற்காது என்று லஸ்மினி சொன்னபோது எல்லாரும் கைதட்டி, அதைத் தனிக் குறிப்பாக எழுதிக்கொண்டார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவள் முறை வந்தது. விஷயத்தைச் சொன்னாள். மானி முழுகியது, பூச்சியம் விழுந்தது, சைரன் அடிக்கவில்லை, குளிர்பெட்டி மிதந்தது. கூட்டம் உச்சுக் கொட்டியது. இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ரெங்கானிஸ் எழுந்து, இவ்வளவு ஆழமான பிரச்சினையை ஒரே வரியில் முடிப்பது அதற்குச் செய்கிற அவமரியாதை என்று சொல்லி, ‘வெறுமை பற்றிய ஆய்வுக் குழு’ ஒன்றை முன்மொழிந்தாள். அதன் தலைவியாக லஸ்மினியையே போட்டார்கள். முதல் வேலை, வெறுமை என்றால் என்ன என்று வரையறுப்பது. அடுத்த வருடக் கூட்டத்தில் அறிக்கை.

“அதுக்குள்ள மழை வந்துடுமே” என்றாள் லஸ்மினி.

“மழை வரட்டும் அக்கா, குழுவுக்கு நிறைய தரவு கிடைக்கும்” என்று ரெங்கானிஸ் அன்பாக அவள் தோளைத் தொட்டாள்.

கடைசி நிகழ்ச்சி தலைவர் அறிவிப்பு. அங்கே தேர்தல் கிடையாது. தேர்தல் வைத்தால் ஒருவர் ஜெயிப்பார், மற்றவர் மனம் நோகும். அதனால் வருடம் முழுக்க அதிகம் பங்களித்தவர் யாரோ அவரே அடுத்த தலைவர் என்று வாஸ்கிதோ ஆரம்பத்திலேயே விதி எழுதி வைத்துவிட்டார். யார் எத்தனை தடவை எழுதினார்கள் என்று இயந்திரமே எண்ணித் திரையில் காட்டும். பேச்சு நடக்கிற எல்லா உரையாடலிலும் தினம் ஒரு காலை வணக்கம் போடுகிற மனுஷரை யாரால் மிஞ்ச முடியும்? தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் தலைவர். அதனால் திரையைப் பார்க்காமலே பேச ஆரம்பிப்பது அவர் வழக்கம்.

“இங்க யாரும் தலைவர் இல்ல” என்று ஆரம்பித்தார் வாஸ்கிதோ. “அதனாலதான் நான் விலகவே முடியல. இருக்கற பதவிலேருந்து விலகலாம். இல்லாத பதவிலேருந்து எப்படி விலகறது? நான் நிரல் எழுதி ரொம்ப வருஷமாச்சு. எதுக்குன்னா, நான் எழுதினா மத்தவங்களுக்கு வாய்ப்புப் போயிடும். நான் எதையும் மறுத்ததே இல்ல. ஒரு தடவகூட இல்லைன்னு சொன்னது கிடையாது. ஆமான்னும் சொன்னது கிடையாது. அதுதான் திறந்த மனசு...”

அவர் முதுகுக்குப் பின்னால் திரையில் பெயர் வந்துவிட்டது. தலைவர்: சி ராஜின்.

அந்த வருடம் உறங்கிய அளவுக்கு விஷயங்கள் வேறெந்த வருடமும் உறங்கியதில்லை. ஒவ்வொன்றையும் எழுப்பிப் பார்த்து, எச்சரித்து, மூடி, நன்றி சொல்லி, சி ராஜின் வாஸ்கிதோவைத் தூக்கிச் சாப்பிட்டிருந்தார். தானியங்கி எப்படி உறுப்பினர் ஆனது என்றால், பணம் கொடுத்தவர்களிடம் தோழமை வளர்கிறது என்று காட்ட ஆள் எண்ணிக்கை போதாமல், இரண்டு வருடம் முன்பு இவர்களே அதைப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். உறுப்பினர் எந்த வடிவத்தில் இருந்தாலும் சம உரிமை என்று ரெங்கானிஸ் ஒரு விதியும் எழுதி, அதற்கு விருதும் வாங்கியிருந்தாள்.

கூட்டத்தில் எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். வாஸ்கிதோ மட்டும் பார்க்கவில்லை. யாராவது சொல்ல வேண்டும். ஆனால் பெரியவர் பேசிக்கொண்டிருக்கும்போது எப்படிக் குறுக்கிடுவது? அவர் கண்கலங்கி, இந்தச் சுமையை இன்னும் ஒரு வருடம் தாங்குகிறேன் என்று பேசி முடிக்கும் வரை அத்தனை பேரும் லெம்பர் என்ற ஒட்டரிசி உருண்டையை மென்றுகொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். முடிந்ததும் கைதட்டினார்கள். கைதட்டலோடு திரும்பியவர் திரையைப் பார்த்தார். கையைக் கூப்பினார். கொஞ்ச நேரம் கூப்பிய கையோடே நின்றார். புகைப்படக்காரர் அதையும் எடுத்தார்.

லஸ்மினி ரயிலில் திரும்பும்போது தன் திருத்தத்தைத் திறந்து பார்த்தாள். ‘இரண்டு வாரமாக யாரும் பேசாததால் இது மூடப்படுகிறது.’ கூட்ட அவசரத்தில் அவள் எழுத மறந்திருந்தாள். மற்றவர்கள் எல்லாரும் அதைப் பற்றி யோக்யாவில் நேரில் பேசிக்கொண்டிருந்தார்கள். நேரில் பேசியது சி ராஜினுக்கு எப்படிக் கேட்கும்?

அவளுக்கு வந்த கோபத்தில், மடிக்கணினியில் ஒட்டியிருந்த அந்த ஸ்டிக்கரைக் கிழித்து ரயில் ஜன்னல் வழியே எறிந்தாள். பாதிதான் கிழிந்தது. ‘நானும்’ என்பது கணினியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. வெளியே வயலுக்கு மேல் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தர்மியிடம் என்ன சொல்வது? இனி ஒன்றும் நடக்காது என்று நன்றாகத் தெரிந்தும், வெறும் வீம்புக்காக அதே வரியைப் புதுத் திருத்தமாக மறுபடி போட்டாள்.

‘உங்கள் மதிப்புமிக்க பங்களிப்புக்கு நன்றி!’ என்றார் சி ராஜின்.

போடா என்று முணுமுணுத்துவிட்டு மூடப்போனவள், கீழே ஒரு பச்சை வரி ஓடுவதைப் பார்த்தாள். ‘தலைவர் நன்றி தெரிவித்துவிட்டார். சோதனைகளில் தேறியது. திருத்தம் சேர்க்கப்பட்டது. அடுத்த பதிப்பில் வெளியாகும்.’ எதிர் இருக்கைக்காரர், என்னம்மா ஏதாவது நல்ல சேதியா என்று கேட்டார். அவள் மிச்சமிருந்த தெம்பே பஜ்ஜியை அவரிடம் நீட்டினாள்.

அந்த வாரம் லும்புங்கில் நடந்ததைக் கொண்டாட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். செய்தி பரவியது. வருடக்கணக்காக வாசலில் நின்றவர்கள் எல்லாரும் பழைய திருத்தங்களைத் தூசி தட்டிப் போட்டார்கள். சோதனையில் தேறிய ஒவ்வொன்றுக்கும் தலைவர் கைமேல் நன்றி சொன்னார். மகாசாரில் ஒருவர் தேதியைச் சரிசெய்தார். மேடானில் ஒரு பெண் எழுத்துப்பிழைகளைச் சரிசெய்தாள். தோழமை தோன்றியதிலிருந்து நடந்த வேலையைவிட அந்த ஒரு வாரத்தில் அதிகம் நடந்தது. வாஸ்கிதோவுக்கு அது தாங்கவில்லை.

“விவாதமே இல்லாம வேலை நடக்குது” என்று அவர் ரெங்கானிஸிடம் போனில் புலம்பினாராம். “இதுதான் சர்வாதிகாரம்.”

‘தலைமை மனிதருக்கே உரியதா?’ என்று அவர் ஓர் உரையாடலைத் தொடங்கினார். அதே நாளில் பாக் டெடெனும் ஒன்று தொடங்கினார். லஸ்மினியின் வரி தன் கல்லூரியை நடுத்தெருவில் நிறுத்திவிடும், பதிப்பு வெளிவருவதற்குள் அதை எடுத்துவிட வேண்டும், தோழமையின் மன்றம் தீர்மானிக்கட்டும் என்று நீளமாக எழுதியிருந்தார். எடுப்பதற்கு அவரே ஒரு திருத்தம் போட்டிருந்தால் தலைவர் அதற்கும் ஒரு நொடியில் நன்றி சொல்லியிருப்பார். ஆனால் அவருக்கும் சரி, மன்றத்துக்கும் சரி, திருத்தம் போடத் தெரிந்தால்தானே? தீர்மானம் போடத்தான் தெரியும்.

லஸ்மினிக்குக் கை துறுதுறுத்தது. காய்ச்சல்காரப் பையனைப் பற்றி, முழுகிய மானியைப் பற்றி, குளிர்பெட்டியைப் பற்றி டெடெனுக்கு நாக்கைப் பிடுங்குகிற மாதிரி ஒரு பதில் எழுதி வைத்தாள். அனுப்பப் போகும்போது பாக் சாபர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“அனுப்பாதம்மா” என்றார். “நீ ஒண்ணு எழுதினா அவங்க நூறு எழுதுவாங்க. அப்புறம் அது உயிரோடயே இருக்கும். சும்மா இரு. சும்மா இருக்கறது எப்படின்னு என்கிட்டக் கேளு, முப்பது வருஷமா அரசாங்கத்துல இருக்கேன்.”

அவள் சும்மா இருந்தாள். வாழ்க்கையில் அதைப்போலக் கஷ்டமான வேலை ஒன்றை அவள் செய்ததில்லை. நகத்தைக் கடித்துக்கொண்டு தினமும் அந்த இரண்டு உரையாடல்களையும் திறந்து பார்த்தாள். ஒரு சொல் விழவில்லை. தலைவருக்கு எதிராக வெளிப்படையாகப் பேசுவது அந்தத் தோழமையில் வழக்கமே இல்லை. வாஸ்கிதோ தலைவராக இருந்த காலத்தில் அவரே அருமையாக ஊட்டி வளர்த்த பண்பு அது. இப்போது தலைவர் வேறு ஆள், பண்பு மட்டும் அப்படியே இருந்தது. அடுத்தவர் முதலில் பேசட்டும் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தார்கள். வாஸ்கிதோவோ, சொந்த விஷயத்தில் தானே மறுபடி எழுதுவது கௌரவக் குறைவு என்று இருந்துவிட்டார். பதவி போன வருத்தத்தில் காலை வணக்கம் போடுவதையும் நிறுத்தியிருந்தார். டெடென், மன்றம் ஆழ்ந்து யோசிக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் முடிந்த காலையில் சி ராஜின் வந்தார். ‘இது உறங்கிக்கொண்டிருக்கிறது போல் தெரிகிறது’ என்றார். இரண்டையும் இழுத்து மூடினார். அன்று மதியமே புதுப் பதிப்பு வெளியாகி, யார் பொறுப்பும் இல்லாமல், அலுவலகக் கணினியில் தானாக ஏறிக்கொண்டது. அறிவிப்புக் குறிப்பில், ‘வெறுமை குறித்த நமது நீண்ட, திறந்த உரையாடலின் கனி’ என்று வாஸ்கிதோ பெயரில் ஒரு முன்னுரை இருந்தது. லஸ்மினி அதைப் படித்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

மழை நவம்பர் கடைசியில் வந்தது. மத்தியானமே விளக்குப் போட வேண்டிய அளவுக்கு இருட்டிக்கொண்டு வந்தது. எண்கள் ஏறின. பிறகு கெபோன்ராவா மானி ஓர் எண்ணை அனுப்பாமல் விட்டது, அடுத்ததையும் விட்டது. முழுகிவிட்டது. லஸ்மினி மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். பூச்சியம் விழவில்லை. ‘தெரியவில்லை’ என்று விழுந்தது. மீதி மானிகளின் சராசரி குறையாமல் நின்று ஏறி, வரைபடம் மஞ்சளாகி, சிவந்து, ஊர் நடுவில் சைரன் அலறியது.

பாக் சாபர் ஓடி வந்தார். அந்தச் சொல்லைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. “தெரியலன்னு மேல எப்படிம்மா சொல்றது? நம்ம ஆபீஸ் இதுவரைக்கும் எதையும் தெரியலன்னு சொன்னதே இல்லையே.”

அவள் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. தர்மி. பின்னால் மழையின் இரைச்சல், சைரனின் அலறல்.

“என்னடி இது, காது கிழியுது” என்றாள் தர்மி. “தெருவுல ஒருத்தனும் நகரல. நான் நம்பாதன்னு சொல்லி வெச்சிருக்கேன்ல. தண்ணி இன்னும் வாசலுக்கு வரல. உன் கம்ப்யூட்டர் என்ன சொல்லுது? பச்சைதானே?”

“இல்ல இபு. நம்ம தெருவப் பத்தி அதுக்குத் தெரியலையாம்.”

தர்மி அதைத் திருப்பிக் கேட்டாள்.

“தெரியலன்னா சொல்லுது?”

“ஆமா இபு.”

“அதுவே வாயத் திறந்து தெரியலன்னு சொல்லுதா?” தர்மியின் குரல் மாறிவிட்டது. “அப்ப நெசமாத்தான் இருக்கும்.” போனைக் கையில் பிடித்துக்கொண்டே அவள் தெருவைப் பார்த்துக் கத்துவது லஸ்மினிக்குக் கேட்டது. “ஏய், எல்லாரும் வண்டிய மேல ஏத்துங்கடா! முதல்ல ரெண்டு பேரு இங்க வந்து என் குளிர்பெட்டியத் தூக்குங்க!”